பிசிறு வகை

பதினோரு வகை ஏற்கெனவே இருக்கிறது.
தீ, நீர், தழை, பாறை, மின்னல், பனி,
விஷம், நிழல், இரும்பு, காற்று, எலும்பு.
பன்னிரண்டாவது வேண்டுமாம், இந்த மாதத்துக்குள்.
சரவணம்பட்டி, ஆறாவது மாடி, ஏசி பதினெட்டில்.
வெள்ளைப் பலகையில் எழுதி எழுதி அழித்தோம்.
ஒளி, எல்லோரும் வைத்துவிட்டார்கள்.
துரு, இரும்புக்கே தம்பி.
கடன் என்று நான் சொன்னதற்குப்
பிரணவ் சிரித்தான்:
"அப்புறம் யாருமே ஜெயிக்க முடியாது."

ராத்திரி சோமனூர் பஸ்.
கருமத்தம்பட்டியில் மில் ஷிப்ட் விட்டு
ஏறினார்கள் பதினைந்து பெண்கள்,
முப்பதைத் தாண்டாத வயசில்
எல்லோருக்கும் நரை.
அதில் ஒருத்தி என் அக்கா கோகிலவாணி.
பக்கத்தில் உட்கார்ந்து துப்பட்டாவால் தலையைத் தட்டினாள்.
நரை பறந்து வந்து
என் லேப்டாப்பின்மேல் இறங்கியது.

பிசிறு என்று தட்டச்சினேன்.

பாறை அடித்தால் பூஜ்யம்.
காற்று அடித்தால் ஒன்று மூன்றாகும்.
மின்னல் அடித்தால் இன்னும் நன்றாக ஒட்டிக்கொள்ளும்.
இரும்பின் பல்சக்கரத்துக்குள் புகுந்து நிறுத்திவிடும்.
நீர் நனைக்கும், அவ்வளவுதான்,
காய்ந்ததும் எழுந்துவிடும்.
தீ தின்னும்,
தின்ற தீ நிற்காமல் தன் அணியையும் தின்னும்.
அதை மில்லில் ஒருதடவை பார்த்திருக்கிறாள் அக்கா.
அதற்குமேல் சொல்ல மாட்டாள்.

நகம் கிடையாது, பல் கிடையாது.
ஒரே தாக்குதல்தான்:
எதிராளியின் தொண்டையில் போய் உட்காரும்.
அவன் ஆணையிடுவான், ஆணை கரகரக்கும்,
அவன் மிருகம் "என்ன?" என்று திரும்பிப் பார்க்கும்.
அந்த ஒரு நொடி போதும்.
ஒலிக்காக அக்காவைப் போனில் பதிவு செய்தேன்.
"ஏங்கண்ணு, இருமறதுக்கெல்லாங் காசு குடுப்பாங்களா?"
அதுவும் பதிவாகியிருந்தது. வெட்டவில்லை.

சோதித்துப் பார்க்க உட்கார்ந்தவர் சிவமலர்.
நாற்பத்தோரு ஆட்டம்.
பிசிறு எதையும் கொல்லவில்லை, சாகவும் இல்லை.
தீயை இறக்க யாருக்கும் துணிச்சல் வரவில்லை.
அவருடைய தக்காளிச் சாதம் ஆறிக் கட்டியாகிவிட்டது.
"எதுக்காச்சும் இது தோக்கோணுமுங்க.
இல்லாட்டி இது வகையில்லீங்க, வியாதி."

அந்தச் சொல்லைச் சுமந்துகொண்டு
சனிக்கிழமை வீட்டுக்குப் போனேன்.

ஞாயிறு, பத்து மணி வெயில்.
தொட்டிக்குப் பக்கத்தில் குனிந்து நிற்கிறாள் அக்கா,
தலைமுடி முன்னால் விழுந்து கிடக்கிறது.
கிண்ணத்தில் பச்சையாய், வழவழவென்று அரப்பு.
சொம்பு சொம்பாகத் தண்ணீர் விழ
ஆறு நாள் சேர்ந்ததெல்லாம்
திட்டுத் திட்டாகச் சாக்கடைக்குப் போகிறது.
நிமிர்ந்தபோது
அவளுக்கு இருபத்தாறு வயசு.

தழை!
தீயிடம் அடி, பனியிடம் அடி,
விஷத்திடம், காற்றிடம், எல்லோரிடமும் அடி,
யாரும் முதல் அணியில் எடுக்காத தழை.
பிசிறின் கட்டத்தில் மட்டும் அதற்கு
இரண்டு மடங்கு போட்டேன்.
தாக்குதலின் பெயர்: அரப்பு.

"ஷாம்பூன்னு வெச்சா எல்லாருக்கும் புரியுமே," என்றான் பிரணவ்.
"ஷாம்பூ எந்த மரத்துல துளுக்குது?" என்றேன்.
வேற்று மொழிகளுக்கான எட்டுக் கட்டங்களிலும்
அரப்பு என்றே நிரப்பினேன்.

சிவமலர் மறுபடி ஆடினார்.
இரண்டு நிமிஷத்தில் பிசிறு காலி.
"இப்ப ரொம்ப லேசாப் போச்சுங்க," என்றார்,
கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட.

யோசித்து, ஒரு விதி சேர்த்தேன்:
அரப்பை ஒருமுறை போட்டவர்
அடுத்த ஆறு சுற்றுக்குப் போட முடியாது.

கச்சிதம் என்றார்கள்.
முப்பது ஆட்டத்தில் பதினைந்து இந்தப் பக்கம்,
பதினைந்து அந்தப் பக்கம்.
"ஆறுன்னு எப்படீங்க புடிச்சீங்க?
பார்முலா ஏதாச்சும் இருக்குதுங்களா?"

மணி ஏழு இருபது.
சோமனூர் பஸ் போயிருமுங்க என்று
பையை எடுத்துக்கொண்டு இறங்கினேன்.